வாசகர் கேள்வி – பதில்: நாய்க்குட்டிகளும் பரம்பரைக் கண்நோயும்

சென்ற இதழில் நாய்களின் மாலைக்கண் பற்றி நான் எழுதிய சில வரிகளைப் படித்துவிட்டு, வழமையிலும் கூடுதலான வாசகர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஏறத்தாழ எல்லாக் கடிதங்களும் ஒரே கவலையைச் சுற்றி அமைந்திருப்பதால், இம்மாதம் ஏனைய கேள்விகளை ஒதுக்கி வைத்து, நாய்களில் பரம்பரையாக வரும் கண்நோய்களையும் அவற்றுக்கான பரம்பரையலகுச் சோதனையையும் பற்றியவற்றுக்கு மட்டும் பதிலளிக்கிறேன்.

கேள்வி: மதிப்புக்குரிய ஐயா, எங்கள் வீட்டு லப்ரடோர் பெட்டைக்கு இப்போது 5 வயது. ஆறு மாதமாகப் பொழுதுபட்டால் படலையடிக்குப் போகத் தயங்குகிறது. விறாந்தைப் படியில் இரண்டு தடவை இடறி விழுந்துவிட்டது. பகலில் ஒரு குறையும் தெரியவில்லை. ரோர்ச் லைற் அடித்தால் கண்கள் முன்னரைவிடக் கூடுதலாகப் பளபளக்கின்றன. விட்டமின் குறைவாக இருக்கும் என்று மாமி ஈரலும் முருங்கையிலையும் கொடுத்துப் பார்த்தார், பயனில்லை. கண்ணைப் பார்த்த வைத்தியர், இது விழித்திரை தேய்கின்ற பரம்பரை நோய் என்கிறார். அது இரண்டு ஈற்றில் 11 குட்டிகளை ஈன்று, அவையெல்லாம் உறவினர் வீடுகளில் வளர்கின்றன. முதல் 6 குட்டிகளுக்குத் தகப்பன் கொழும்பிலிருந்து வந்த கடுவன். பின்னைய 5 குட்டிகளுக்கு யாழ்ப்பாணத்திலேயே உள்ள வேறொரு கடுவன். அந்தக் குட்டிகளும் குருடாகுமா? உறவினர்களுக்கு நான் என்ன சொல்வது? (வாசகி, கோண்டாவில்)

பதில்: உங்கள் கடிதத்தில் இருக்கும் மன வருத்தம் எனக்கு விளங்குகிறது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் கொடுத்த உணவிலோ வளர்த்த முறையிலோ பிழை எதுவும் இல்லை. நீங்கள் விபரித்திருக்கும் அறிகுறிகள், படிப்படியாக விழித்திரை நலியும் நோய்க்கு மிகவும் பொருந்துகின்றன. வைத்தியர்கள் இதைச் சுருக்கமாகப் பி.ஆர்.ஏ என்பார்கள். விழித்திரையில் மங்கல் வெளிச்சத்தில் பார்ப்பதற்குரிய கோற்கலங்களும், பகல் வெளிச்சத்தில் பார்ப்பதற்குரிய கூம்புக்கலங்களும் உள்ளன. இந்நோயின் பெரும்பாலான வகைகளில் கோற்கலங்கள் முதலில் அழிவதால் இரவுப் பார்வை முதலில் போகிறது. சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழித்துக் கூம்புக்கலங்களும் கெட்டுப் பகற்பார்வையும் மங்குகிறது. நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. விழித்திரை மெலிய மெலிய அந்தப் படலம் கூடுதலாக வெளித்தெரிவதால்தான் ரோர்ச் வெளிச்சத்தில் கண்கள் முன்னரிலும் பளபளக்கின்றன. நீங்கள் அதைக் கவனித்து எழுதியது வைத்தியருக்கு மிக உதவியான தகவல். நோவு எதுவும் இந்நோயில் இல்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

ஈரல் கொடுப்பதைத் தயவுசெய்து நிறுத்திவிடச் சொல்லுங்கள். மனிதரில் விட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணும் இதுவும் ஒன்றல்ல. நாள்தோறும் ஈரல் கொடுத்தால் அந்த விட்டமின் உடலில் தேங்கி வேறு தீங்கு வரும். அதேபோல, பார்வைக் குறைவையெல்லாம் பரம்பரை என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. நமது பகுதியில் உண்ணியால் பரவும் எர்லிக்கியா காய்ச்சல் கண்ணுக்குள் இரத்தக் கசிவையும் விழித்திரை கழன்றுபோவதையும் உண்டாக்கும். நீரிழிவு வந்த நாயில் சில வாரங்களிலேயே கண்வில்லை வெண்மையாகிவிடவும் கூடும். ஆகவே ஓர் இரத்தப் பரிசோதனையும், மருந்துத் துளி விட்டுக் கண்மணியை விரித்துச் செய்யும் பரிசோதனையும் அவசியம். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடத்தைச் சேர்ந்த போதனா வைத்தியசாலைக்கு உங்கள் வைத்தியர் மூலம் ஒரு கடிதம் பெற்றுச் செல்வதும் நல்லது.

இனி 11 குட்டிகளின் விடயம். லப்ரடோர் இனத்தில் இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது பி.ஆர்.சி.டி எனப்படும் ஒரு பரம்பரையலகில் ஏற்பட்ட விகாரம். இது பின்னிடைவான முறையில் கடத்தப்படுகிறது. அதாவது தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பழுதான பிரதிகள் கிடைத்த நாய்க்கு மட்டுமே நோய் வரும். ஒரே ஒரு பழுதான பிரதியைப் பெற்ற நாய்க்கு வாழ்நாள் முழுவதும் பார்வை இருக்கும். ஆனால் அது அந்தப் பிரதியைத் தன் குட்டிகளில் ஏறத்தாழப் பாதிக்குக் கொடுக்கும். அத்தகைய நாயைக் காவி என்கிறோம். உங்கள் பெட்டைக்கு வந்திருப்பது இந்த வகைதான் என்று டி.என்.ஏ சோதனை உறுதிப்படுத்தினால், அதனிடம் இருப்பவை இரண்டும் பழுதான பிரதிகள் என்று பொருள். அப்படியாயின் 11 குட்டிகளும் தாயிடமிருந்து ஒரு பழுதான பிரதியைக் கட்டாயம் பெற்றிருக்கும். மிகுதி முழுவதும் தகப்பன்களைப் பொறுத்தது. கொழும்புக் கடுவன் குறையற்றதாக இருந்தால் அந்த 6 குட்டிகளும் காவிகள் மட்டுமே. ஒன்றுக்கும் குருடு வராது. அக்கடுவன் காவியாக இருந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வரும் வாய்ப்புப் பாதிக்குப் பாதி. மற்றைய 5 குட்டிகளுக்கும் இதே கணக்குத்தான்.

ஆகையால் செலவைக் குறைக்க விரும்பினால் 11 குட்டிகளையும் சோதிக்கத் தொடங்காதீர்கள். முதலில் தாயைச் சோதியுங்கள். அதன் முடிவு உறுதியானதும், இரண்டு கடுவன்களின் சொந்தக்காரர்களிடமும் பேசி அவற்றைச் சோதியுங்கள். ஒரு கடுவன் குறையற்றது என்று வந்துவிட்டால் அதன் குட்டிகளை வளர்க்கும் வீடுகள் அத்தனைக்கும் அதே நாளில் ஆறுதல் சொல்லிவிடலாம். காவி என்று வந்தால் மட்டும் அந்த ஈற்றுக் குட்டிகளை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். அந்தக் கடுவன்கள் இப்போதும் வேறு வீடுகளின் பெட்டைகளோடு இணைக்கப்படுகின்றனவாயின், சொந்தக்காரர்களுக்கு இச்செய்தியைத் தெரிவிப்பது உங்கள் உறவினருக்குத் தெரிவிப்பதைவிட அவசரமானது.

உறவினர்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். முடிவு வரும்வரை அந்தக் குட்டிகள் எதையும் இணைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பெட்டையைப் பொறுத்தவரை, வீட்டுத் தளபாடங்களை இடம் மாற்றாதீர்கள். உணவுக் கோப்பையும் தண்ணீரும் எப்போதும் அதே மூலையில் இருக்கட்டும். தொடுவதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். உங்கள் வளவில் கிணறு இருக்குமென்றால் அதன் கட்டு நாயின் நெஞ்சளவுக்கு மேலே உள்ளதா என்று இன்றைக்கே பாருங்கள். எங்களுடைய ஊர்களில் பார்வை குறைந்த நாய்களுக்கு வாகனத்துக்கு அடுத்த ஆபத்து பழைய கட்டுக்குறைந்த கிணறுகள்தான்.

கேள்வி: நான் கொக்கர் ஸ்பானியல் வளர்த்துக் குட்டிகள் கொடுத்து வருகிறேன். எனது கடுவனின் மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்பியதில் பி.ஆர்.சி.டி ‘கரியர்’ என்று முடிவு வந்திருக்கிறது. இதைக் கேள்விப்பட்ட மற்றைய வளர்ப்பாளர்கள் அதை நோயுள்ள நாய் என்கிறார்கள். மலடாக்கிவிட வேண்டுமா? மிக நல்ல குணமும் உடற்கட்டும் உள்ள நாய். (வாசகர், சாவகச்சேரி)

பதில்: மலடாக்கத் தேவையில்லை. முடிவை மறைக்காமல் நீங்கள் வெளியே சொன்னதற்கு என் மதிப்பைத் தெரிவித்துக்கொள்கிறேன். உங்களைக் குறைசொல்பவர்களில் எத்தனை பேர் தங்கள் நாய்களைச் சோதித்திருக்கிறார்கள் என்பதையும் கேட்டுப் பாருங்கள்.

காவி நோயாளி அல்ல. மனிதரில் தலசீமியாவுக்கு நமது நாட்டில் திருமணத்துக்கு முன் இரத்தம் பார்க்கச் சொல்வதை அறிந்திருப்பீர்கள். காவியான ஒருவர் திருமணமே செய்யக்கூடாது என்று எவரும் சொல்வதில்லை; காவியும் காவியும் சேர்ந்து பிள்ளை பெறும்போது வரக்கூடிய ஆபத்தையே எடுத்துச் சொல்கிறார்கள். உங்கள் கடுவனுக்கும் இதே நியாயம் பொருந்தும். குறையற்றது என்று சோதனையில் உறுதியான பெட்டையோடு இணைத்தால் குட்டிகளில் சராசரியாகப் பாதி குறையற்றவை, பாதி காவிகள், ஒன்றாவது குருடாகாது. காவிப் பெட்டையோடு இணைத்தால் நான்கில் ஒன்று என்ற அளவில் நோயுள்ள குட்டிகள் பிறக்கும். இந்தச் சோதனை எந்த நாயை எந்த நாயோடு சேர்க்கலாம் என்று அறிவதற்காக உண்டானது. அதை நாய்களைக் கழித்துவிடும் கருவியாக மாற்றுவது பெரும் தவறு.

ஏன் பெரும் தவறு என்கிறேன் என்பதற்கு ஒரு கணக்கு. ஓர் இனத்தில் நூறு நாய்களுக்கு ஒன்று என்ற அளவில் இந்நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சோடிகள் தற்செயலாகச் சேர்கின்ற நிலையில், அதே நூறில் ஏறத்தாழ 18 நாய்கள் காவிகளாக இருக்கும். ஒரு குருட்டு நாய்க்காக 18 நல்ல நாய்களையும் சேர்த்து விலக்கினால், அந்த இனத்தின் ஐந்தில் ஒரு பங்கு ஒரே தலைமுறையில் வெளியே போய்விடும். குடாநாட்டில் ஓர் இனத்தில் இணைக்கத்தக்க கடுவன்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய தொகைதான். அவற்றிலும் கழித்துவிட்டால் மிஞ்சுகின்ற ஓரிரு கடுவன்களையே எல்லாரும் தேடிப் போவார்கள். சில ஆண்டுகளில் பாட்டனுக்கும் பேத்திக்கும், அண்ணனுக்கும் தங்கைக்கும் சோடி சேர்க்க நேரிடும். அப்போது நாம் இன்னும் பெயர்கூட அறியாத வேறொரு பின்னிடைவான நோய் வெளிக்கிளம்பும். விழித்திரை நலியும் நோயை நாயில் முதன்முதலாக விபரித்தவர் சுவீடனைச் சேர்ந்த மக்னுசன். அவர் 1911 இல் கோர்டன் செற்றர் நாய்களைப் பற்றி எழுதியபோதே இரத்த உறவுக்குள் இணைப்பதையும் சேர்த்தே ஆராய்ந்தார்.

டி.என்.ஏ சோதனை வருவதற்கு முன்னர் காவியைக் கண்டுபிடிக்க வளர்ப்பாளர்கள் பட்டபாட்டை இளையவர்கள் அறிய வேண்டும். சந்தேகமுள்ள கடுவனைக் குருடான பெட்டை ஒன்றோடு இணைத்து, பிறக்கும் குட்டிகளுக்குக் கண் கெடுகிறதா என்று காத்திருந்து பார்ப்பார்கள். கடுவன் காவியாக இருந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருப்பதால், 6 குட்டிகளும் நல்ல கண்ணோடு வளர்ந்தால் அது காவியாக இருப்பதற்குரிய வாய்ப்பு மிகச் சிறிது. காவி ஒன்று அந்த 6 குட்டிகளிலும் அகப்படாமல் தப்புவது 64 இல் ஒரு தடவைதான் நடக்கும். ஒரு கேள்விக்கு விடை காண்பதற்காக, குருடாகக்கூடிய குட்டிகளை வேண்டுமென்றே பிறப்பித்து வளர்த்தார்கள். இன்றைக்கு அதே விடை கன்னத்தில் தேய்க்கும் ஒரு சிறு பஞ்சுக்குச்சியில் கிடைக்கிறது.

எனது தவறு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். தொழிலின் தொடக்கக் காலத்தில் இரண்டு வயதுக் கடுவன் ஒன்றின் கண்ணைப் பார்த்து, குறை ஒன்றும் இல்லை, இணைக்கலாம் என்று சொன்னேன். அன்றைக்கு அதன் விழித்திரை சுத்தமாகத்தான் இருந்தது. நாலரை வயதில் அதற்கு இரவுப் பார்வை போயிற்று; அதற்கிடையில் அதன் வழியில் பல ஈற்றுக் குட்டிகள் ஊரெங்கும் போய்விட்டன. நாய்களை இணைப்பது இரண்டு, மூன்று வயதில். இந்நோய் வீட்டார் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் அதற்குப் பின்னர். இந்த இடைவெளிதான் தலைமுறை தலைமுறையாக நோயைக் காப்பாற்றி வந்திருக்கிறது.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது: பெட்டையின் சோதனை முடிவைக் கையில் வாங்காமல் உங்கள் கடுவனை இணைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். பிறக்கும் குட்டிகளில் இனவிருத்திக்காக வைத்திருக்கப் போகின்றவற்றைச் சோதியுங்கள். குணத்திலும் உடலிலும் தகப்பனைப் போன்ற, ஆனால் குறையற்ற குட்டி ஒன்று கிடைத்தால் அடுத்த தலைமுறைக்கு அதைப் பயன்படுத்துங்கள். உங்கள் கடுவன் எத்தனை நல்லதாக இருந்தாலும் ஊரிலுள்ள பெட்டைகள் எல்லாவற்றுக்கும் அதுவே தகப்பனாகவும் வேண்டாம்.

கேள்வி: பரம்பரைக் குருட்டுக்கு ஊசி மருந்து கண்டுபிடித்து நாய்க்குப் பார்வை வந்ததாக ஒரு செய்தி பார்த்தேன். உண்மையா? எங்களுடைய நாய்க்குக் கிடைக்குமா? (வாசகர், கொடிகாமம்)

பதில்: செய்தி உண்மை. பிரியாட் என்ற பிரெஞ்சு மேய்ப்பு நாய் இனத்தில் ஆர்.பி.ஈ 65 என்ற பரம்பரையலகின் பழுதால் பிறவியிலேயே பார்வை மிகக் குறைந்த நாய்கள் இருந்தன. தீங்கற்றதாக மாற்றிய ஒரு வைரசில் நல்ல பிரதியை ஏற்றி விழித்திரைக்குக் கீழே செலுத்தியபோது அவற்றுக்குப் பார்வை வந்தது; 2001 இல் அந்த ஆய்வு வெளியானது. அவற்றில் லான்சலொட் என்ற நாய் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களுக்குக் காட்டப்படும் அளவுக்குப் புகழ்பெற்றது. அதே வழியில் உருவான மருந்து 2017 டிசம்பரில் அமெரிக்காவில் மனிதருக்கு அனுமதிக்கப்பட்டு, அதே பரம்பரையலகில் பழுதுள்ள பிள்ளைகள் பார்வை பெற்றிருக்கிறார்கள். ஆனால் அந்த மருந்து அந்த ஒரு பரம்பரையலகுக்கு மட்டுமே உரியது. லப்ரடோருக்கும் கொக்கருக்கும் வரும் பி.ஆர்.சி.டி வகைக்கு நாம் வாங்கிப் போடக்கூடிய மருந்து இல்லை. கண்பார்வையைத் திருப்பித் தருவதாகச் சொல்லி விற்கப்படும் குளிசைகளுக்கும் எண்ணெய்களுக்கும் பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

கேள்வி: உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். இத்தனை பெரிய டி.என்.ஏயில் ஒரு நோய்க்குரிய பழுது எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எல்லா நாய்களுக்கும் ஒரே பழுதா? (மாணவி, நெல்லியடி)

பதில்: நல்ல கேள்வி, மகளே. நாய்க்கு 78 நிறமூர்த்தங்கள். ஏறத்தாழ 240 கோடி எழுத்துகள் கொண்ட நூல் என்று அதன் டி.என்.ஏயை எண்ணிக்கொள்ளலாம். தாஷா என்ற பொக்சர் நாயிலிருந்து அந்த நூல் முழுமையாக வாசிக்கப்பட்டு 2005 இல் வெளியானது. அதற்கு முன்னரே, எலியிலும் மனிதரிலும் ஒத்த நோய்க்குக் காரணமான பரம்பரையலகுகளை நாயிலும் தேடிப் பார்த்தார்கள். அவ்வாறு ஐரிஷ் செற்றரின் குருட்டுக்குக் காரணமான விகாரம் 1993 இல் பி.டி.ஈ 6 பி என்ற பரம்பரையலகில் அகப்பட்டது. பி.ஆர்.சி.டியைக் கண்டுபிடித்த வழி வேறு. நோயுள்ள நாய்களுக்கெல்லாம் பொதுவாக இருக்கும் டி.என்.ஏ துண்டு எது என்று பல இனங்களையும் ஒப்பிட்டு, தேடவேண்டிய இடத்தைச் சிறிது சிறிதாகக் குறுக்கிக்கொண்டு போனார்கள். 2006 இல் 9 ஆம் நிறமூர்த்தத்தில், அதுவரை எவரும் கவனித்திராத ஒரு சின்னஞ்சிறு பரம்பரையலகில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டார்கள். ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ. அதனால் 54 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட புரதத்தில் இரண்டாவது அமினோ அமிலம் சிஸ்ரீனிலிருந்து தைரோசீனாக மாறிவிடுகிறது. அதே மாற்றம் வங்காளதேசத்தைச் சேர்ந்த ஒரு மனித நோயாளியிலும் காணப்பட்டது என்பதை வாசித்தபோது நான் சிறிது நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இருந்தேன்.

எல்லா நாய்களுக்கும் ஒரே பழுது இல்லை. கடத்தப்படும் முறைகூட ஒன்றல்ல. மாஸ்ரிவ் நாய்களில் ரொடோப்சின் விகாரம் ஆட்சியுடையது. ஒரு பிரதி போதும், நோய் வந்துவிடும். சைபீரியன் ஹஸ்கியில் ஒரு வகை எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால், காவியான தாயின் கடுவன் குட்டிகளில் பாதி பாதிக்கப்படும். கொலி இனத்தின் கண்கோளாறுக்கு என்.எச்.ஈ.ஜே 1 என்ற பரம்பரையலகுக்குள் ஏறத்தாழ 7,800 எழுத்துகள் விடுபட்டுப் போயிருப்பது காரணம். ரெரியர் இனங்களில் கண்வில்லை இடம்பெயரும் நோய்க்கு வேறொரு பரம்பரையலகு. அது திடீரென்று கண்ணழுத்தம் கூடிக் கடும் நோவைத் தரும் நோய் என்பதால், முன்கூட்டியே அறிந்திருப்பது அந்த நாயின் கண்ணைக் காப்பாற்றவும் உதவும். பாடசாலையில் நீங்கள் பட்டாணிச் செடியை வைத்துப் போடும் சதுரக் கட்டங்களை இந்த உதாரணங்களுக்கும் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: மாதிரி எடுப்பதற்கு நாயைக் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டுமா? (வாசகர், மானிப்பாய்)

பதில்: வேண்டியதில்லை. ஆய்வுகூடம் அனுப்பும் பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்து எடுத்தால் போதும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்திலுள்ள கால்நடைப் பரம்பரையியல் ஆய்வுகூடம் போன்றவை இத்தகைய மாதிரிகளை அஞ்சலில் பெற்றுச் சோதிக்கின்றன. மாதிரியை அனுப்புவதற்கு முன் அந்நாட்டு இறக்குமதி விதிகளை ஆய்வுகூடத்திடமே கேட்டு, அவர்கள் சொல்லும் கடிதத்தையும் உறைக்குள் வையுங்கள்.

எடுக்கும்போது பிழைகள் நடப்பது பெரும்பாலும் அவசரத்தால். நாய்க்கு இரண்டு மணித்தியாலம் உணவு கொடுக்காமல் வைத்திருந்து, கன்னத்துக்கும் முரசுக்கும் இடையில் குச்சியை வைத்துச் சுழற்றித் தேய்க்க வேண்டும். எச்சிலில் நனைவது போதாது, கன்னத்தின் கலங்கள் ஒட்ட வேண்டும். பால்குடிக் குட்டியின் வாயில் தாயின் கலங்கள் இருக்கக்கூடும் என்பதால், பால் மறந்த பிறகு எடுப்பது நல்லது. இரண்டு நாய்களுக்கு எடுப்பதானால் இடையில் கையைக் கழுவி, முதல் நாயின் உறையில் பெயரை எழுதி மூடிய பின்னரே இரண்டாவது நாயைத் தொடுங்கள். குச்சியைக் காற்றில் நன்றாக உலரவிட்டுக் கடதாசி உறையில் இடுங்கள். மாரியில் பிளாஸ்ரிக் பையில் போட்டால் அஞ்சலில் போகும்போதே பூஞ்சணம் பிடித்துவிடும். இயலுமானால் உங்கள் மிருக வைத்தியரைக் கொண்டு எடுப்பித்து, நாயின் மைக்ரோசிப் இலக்கத்தையும் அவர் கையெழுத்தையும் படிவத்தில் பெறுங்கள். எந்த நாயின் வாயிலிருந்து எடுத்தது என்ற கேள்வி பின்னர் எழாது.

கேள்வி: எங்கள் டாஷண்ட் நாய்க்கு 9 வயது. பொழுதுபோக்காகச் சோதித்ததில் கண்நோய் ‘பாதிக்கப்பட்டது’ என்று வந்துள்ளது. ஆனால் அது மதிலில் ஓடும் அணிலைக்கூடப் பார்த்துக் குரைக்கிறது. சோதனை பிழையா? (வாசகி, சுன்னாகம்)

பதில்: பிழையாக இருக்க வேண்டியதில்லை. டாஷண்ட் இனத்தில் ஆர்.பி.ஜி.ஆர்.ஐ.பி 1 என்ற பரம்பரையலகுக்குள் 44 எழுத்துகள் இடைச்செருகலாக நுழைந்திருப்பது 2006 இல் கண்டறியப்பட்டது. அதை இரண்டு பிரதிகளிலும் கொண்ட சில நாய்கள் இளமையிலேயே குருடாக, வேறு சில உங்களுடைய நாயைப் போல முதுமை வரையும் நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தன. பின்னர் ஆராய்ந்ததில், நோய் எவ்வளவு விரைவில் வரும் என்பதை வேறொரு பரம்பரையலகும் சேர்ந்து தீர்மானிக்கிறது என்று தெரிந்தது. ஆகவே அந்தத் தாளில் இருக்கும் சொல், உங்கள் நாயின் டி.என்.ஏயைப் பற்றியது, அதன் கண்ணைப் பற்றி அறிய வருடத்துக்கொரு தடவை கண்ணைத்தான் பார்க்க வேண்டும். சோதனைத் தாளைக் கண்டு மனம் உடைந்து, நன்றாகப் பார்க்கின்ற நாயைக் குருடுபோல நடத்திய வீடுகளையும் நான் கண்டிருக்கிறேன். உங்கள் நாய் அணிலைத் துரத்தட்டும்.

கேள்வி: எனது அல்சேஷன் நாயின் கருவிழியில் ஓரத்திலிருந்து சிவப்பும் கறுப்புமாக ஒரு படலம் வளர்கிறது. இதற்கும் டி.என்.ஏ சோதனை செய்யலாமா? (வாசகர், காரைநகர்)

பதில்: இது பனஸ் எனப்படும் கருவிழி அழற்சியாக இருக்கக்கூடும். அல்சேஷன் இனத்துக்கு இதில் பரம்பரைச் சார்பு உண்டு என்றாலும், பஞ்சுக்குச்சியால் விடை சொல்லத்தக்க ஒற்றைப் பரம்பரையலகு நோய் அல்ல. கடுமையான சூரிய ஒளி இதை மோசமாக்கும். கடற்கரை ஊரில் வெளியில் கட்டிவைத்து வளர்க்கும் நாய்க்கு இது முக்கியம். நிழலில் வையுங்கள், வைத்தியர் தரும் துளிமருந்தைப் படலம் குறைந்த பிறகும் அவர் சொல்லும்வரை நிறுத்த வேண்டாம்.

கேள்வி: கலப்பின நாய்க்குப் பரம்பரை நோய் வராது என்கிறார்கள். லப்ரடோரையும் பூடிலையும் கலந்து குட்டி எடுத்தால் இந்தச் சோதனையெல்லாம் தேவையில்லைத்தானே? (வாசகர், பருத்தித்துறை)

பதில்: தேவை. கலப்பு உதவுவது, இரண்டு இனங்களிலும் வெவ்வேறு பழுதுகள் இருக்கும்போது. பி.ஆர்.சி.டி விகாரம் இருபதுக்கும் மேற்பட்ட இனங்களில் அதே எழுத்தில், அதே மாற்றமாக இருக்கிறது. இனங்கள் பிரிவதற்கு முன்பே இருந்த ஒரு மூதாதையிடமிருந்து எல்லாவற்றுக்கும் வந்தது என்று கொள்வதே பொருத்தம். லப்ரடோரும் பூடிலும் அந்த வரிசையில் இருப்பவை. காவியான லப்ரடோரையும் காவியான பூடிலையும் இணைத்தால், ஒரே இனத்துக்குள் நடப்பதைப் போலவே நான்கில் ஒன்று பாதிக்கப்படும். கலப்பு என்ற சொல்லை நம்பிச் சோதனையை விட்டுவிட்டால் சுத்த இனத்தில் இருக்கும் கவனமும் இல்லாமல் போகும். நமது ஊர் நாய்களில் பெரும்பாலானவை பல தலைமுறைகளாகத் தம் விருப்பப்படி சோடி சேர்ந்தவை என்பதால் இரத்த உறவு நெருக்கம் குறைவு. அந்த நலன் இரண்டு சுத்த இனங்களை ஒரு தடவை கலப்பதால் மட்டும் வந்துவிடாது.

கேள்வி: கொழும்பிலுள்ள ஒருவரிடம் கோல்டன் ரிட்றீவர் குட்டி வாங்கப் போகிறோம். பெற்றோர் இரண்டும் ‘பி.ஆர்.ஏ கிளியர்’ என்று சொல்கிறார். இது போதுமா? (வாசகி, நல்லூர்)

பதில்: எந்த பி.ஆர்.ஏ என்று கேளுங்கள். கோல்டன் ரிட்றீவரில் மட்டும் தனித்தனியான மூன்று விகாரங்களுக்குச் சோதனை உண்டு: ஒன்று பி.ஆர்.சி.டி, மற்றைய இரண்டும் அந்த இனத்திலேயே 2011 இலும் 2014 இலும் கண்டறியப்பட்டவை. ஒன்றில் குறையற்ற நாய் மற்றொன்றில் காவியாக இருக்கலாம். இன்னும் கண்டுபிடிக்கப்படாத பழுதுகளும் இருக்கக்கூடும் என்பதால், பெற்றோரின் கண்களைக் கடந்த ஒரு வருடத்துக்குள் வைத்தியர் கண்மணியை விரித்துப் பார்த்தாரா என்பதையும் கேளுங்கள். டி.என்.ஏ சோதனை நாளைக்கு வரப்போவதைச் சொல்கிறது; கண் பரிசோதனை இன்றைக்கு இருப்பதைச் சொல்கிறது; கண்புரை போன்ற பல குறைகள் பின்னையதில்தான் அகப்படும்.

தாளின் படத்தைத் தொலைபேசியில் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். அதிலுள்ள நாயின் பெயர், மைக்ரோசிப் இலக்கம், சோதித்த விகாரத்தின் பெயர், திகதி ஆகியவற்றை வாசியுங்கள். இயன்றால் தாயின் கழுத்தில் சிப் வாசிப்பானை வைத்து இலக்கத்தை ஒப்பிடுங்கள். பெற்றோர் சோதிக்கப்படாமல், பாட்டன் பாட்டியின் தாளை மட்டும் காட்டி ‘வம்சமே கிளியர்’ என்றால், இடையில் எல்லாப் பெற்றோரும் உண்மையில் அவைதானா என்பதற்கு உறுதி வேண்டும். ஒரு தலைமுறைக்கு மேல் அந்த வார்த்தையை நான் ஏற்பதில்லை. ஒரு பெற்றோர் குறையற்றது, மற்றது காவி என்று தாள் சொன்னால் தயங்காமல் வாங்கலாம். குட்டிக்கு அந்நோய் வராது. வீட்டில் வளர்ப்பதற்கு மட்டுமானால் மேலும் சோதனை அவசியமில்லை. பிற்காலத்தில் அதிலிருந்து ஓர் ஈற்றாவது எடுக்கும் எண்ணம் இருந்தால், முதல் தடுப்பூசிக்குக் கொண்டுபோகும் நாளிலேயே வைத்தியரிடம் சொல்லிக் கன்னத்து மாதிரியையும் எடுத்துவிடுங்கள்.